ஜேசன் அரேயில் இன்னொரு மதிப்பைச் சேர்ப்பது எப்படி? (மைஎஸ்கியூஎல்)

பினாங்கில் தைப்பூசம் நெருங்கினால் தண்ணீர்ப் பந்தல்காரர்களின் வாட்ஸ்அப் ஓயாது. ஒருவர் மோர் என்பார், ஒருவர் இரண்டு மூட்டை அரிசி என்பார், இன்னொருவர் ஐஸ் கட்டி என்பார். ஜாலான் உத்தாமா ஓரம் போடும் ஒரு பந்தலுக்கு இந்தக் கணக்கைச் சின்னதாக ஒரு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் போட்டுக் கொடுத்தேன். 'பந்தல்' என்று ஒரு டேபிள், குழுவுக்கு ஒரு வரி, அதில் 'உபயம்' என்று ஒரு ஜேசன் (தரவை உரையாக எழுதும் ஒரு வடிவம்) நெடுவரிசை. உள்ளே ["அரிசி", "பானகம்"] என்பது போல ஒரு அரே, அதாவது மதிப்புகளின் பட்டியல். புதிதாக யாராவது ஒன்று கொடுத்தால் அந்த அரேயின் கடைசியில் சேர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். டேபிள், நெடுவரிசைப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், மைஎஸ்கியூஎல் தகராறு செய்யாது.

படி 1: பதிப்பைப் பாருங்கள்

செலக்ட் வெர்ஷன்();

5.7.8-க்கு முன்பு ஜேசன் வகையே கிடையாது. 8.0 இருந்தால் நிம்மதி. விடையில் மரியாடிபி (மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த டேட்டாபேஸ்) என்று வந்தால் கடைசியில் உள்ள பின்சேர்க்கையையும் படித்துவிடுங்கள்.

படி 2: சேருங்கள்

அப்டேட் பந்தல்
செட் உபயம் = ஜேசன்_அரே_அப்பெண்ட்(உபயம், '$', 'மோர்')
வேர் எண் = 7;

'$' என்றால் முழு ஆவணம். அரே ஒரு ஆப்ஜெக்டுக்குள் (பெயரும் மதிப்புமாக உள்ள தொகுப்பு) இருந்தால் '$."பானம்"' என்று பாதை கொடுங்கள். அப்படி ஒரு பாதையே இல்லையென்றால் பிழை எதுவும் வராது, சத்தமில்லாமல் விட்டுவிடும்.

முதலில் வர வேண்டுமானால் ஜேசன்_அரே_இன்செர்ட், பாதை '$[0]'.

படி 3: 'மாறிய வரி 0' என்று வந்தால்

இங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். கட்டளை ஓடிவிடும், பிழை இருக்காது. ஆனால் 'பொருந்திய வரி 1, மாறிய வரி 0' என்று காட்டும். மோர் எங்கும் இருக்காது.

காரணம், அந்த வரியில் உபயம் நல் (மதிப்பே இல்லை என்ற நிலை) ஆக இருக்கிறது. நல்லுக்குள் எதைச் சேர்த்தாலும் விடை நல்தான். காலி அரே வேறு, நல் வேறு. புதிதாகப் பதிந்த குழு இன்னும் எதுவும் கொடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் அங்கே நல்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் இப்படி எழுதுங்கள்:

செட் உபயம் = ஜேசன்_அரே_அப்பெண்ட்(இஃப்நல்(உபயம், ஜேசன்_அரே()), '$', 'மோர்')

இதைவிட நல்லது, நல்லே வராமல் அடைப்பது. பழைய நல்களை ஒரே அப்டேட்டில் ஜேசன்_அரே() ஆக மாற்றிவிட்டு, நெடுவரிசைக்கு 'நாட் நல் டிஃபால்ட் (ஜேசன்_அரே())' கொடுங்கள். அடைப்புக்குறி கட்டாயம், இது 8.0.13 முதல்தான் ஓடும்.

அப்புறம் இன்னொரு நல் இருக்கிறது, அது இதைவிடத் தொல்லை. பிஎச்பியில் (இணையதளம் எழுதும் நிரல் மொழி) நல் மதிப்பை ஜேசனாக்கி அனுப்பினால், நெடுவரிசையில் ஜேசனுடைய நல் போய் உட்காரும். இஃப்நல்லுக்கும் 'இஸ் நல்' என்ற சோதனைக்கும் அது கண்ணில் படாது. சேர்த்த பிறகு பார்த்தால் அரேயின் முதல் உறுப்பாக நல், அடுத்து "மோர்" என்று இருக்கும். அரே அல்லாத ஒற்றை மதிப்பைத் தானே அரேயாகச் சுற்றிவிடுவது இந்தச் செயல்பாட்டின் வழக்கம். 'வேர் ஜேசன்_டைப்(உபயம்) = ' என்று எழுதி, மேற்கோளுக்குள் நல் என்று பெரிய எழுத்தில் கொடுத்துத் தேடினால் இந்த வரிகள் பிடிபடும்.

படி 4: ஒரே நேரத்தில் பலவற்றை

படி 2-இல் 'மோர்' இருக்கும் இடத்தில் '["மோர்","ஐஸ்"]' என்று கொடுத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே சரமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அரேயோடு அரே சேர்க்க:

ஜேசன்_மெர்ஜ்_பிரிசர்வ்(உபயம், '["மோர்","ஐஸ்"]')

இதே குடும்பத்தில் ஜேசன்_மெர்ஜ்_பேட்ச் என்று ஒன்று உண்டு. அது பழைய அரேயைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கும். பக்கம் போகாதீர்கள்.

படி 5: இரட்டிப்பு வராமல்

படி 2-இன் கடைசி வரியை இப்படி மாற்றுங்கள்:

வேர் எண் = 7 அண்ட் நாட் ஜேசன்_கன்டெயின்ஸ்(உபயம், '"மோர்"');

ஒற்றை மேற்கோளுக்குள் இரட்டை மேற்கோள் இருப்பதைக் கவனியுங்கள்; அது இல்லாவிட்டால் செல்லாத ஜேசன் என்று திட்டும். உபயம் நல் ஆக இருந்தால் இந்த நிபந்தனையும் நல் ஆகி, வரியே பொருந்தாது. அதனால் இங்கேயும் இஃப்நல் போடுங்கள். 8.0.17 முதல் 'மெம்பர் ஆஃப்' வந்துவிட்டது, படிக்கவும் சுலபம்.

சிலர் அரேயை பிஎச்பிக்குள் இழுத்து, அங்கே சேர்த்து, திரும்ப எழுதுவார்கள். பந்தல் குழுவில் இரண்டு பேர் ஒரே நொடியில் பதிந்தால் ஒருவருடைய உபயம் காணாமல் போகும். ஒரே அப்டேட் கட்டளையில் செய்தால் அந்த வரி பூட்டப்படும், இரண்டும் சேரும்.

இதையெல்லாம் சோதிக்க எனக்குப் பிடித்த டேட்டாபேஸ் கருவி டிபீவர். தானாக கமிட் (நிலையாகச் சேமிப்பது) ஆவதை நிறுத்திவிட்டு, விடையைப் பார்த்து, சரியில்லையென்றால் ரோல்பேக் அடித்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். உலாவியில் ஓடும் பிஎச்பிமைஅட்மினில் உண்மையான தரவின் மேல் அப்டேட் ஓட்ட எனக்குக் கை வராது.

ஒவ்வொரு உபயத்துக்கும் கொடுத்தவர் பெயர், ரிங்கிட், தேதி எல்லாம் வேண்டும் என்று கமிட்டி கேட்க ஆரம்பித்தால், அரேயை விட்டுவிட்டுத் தனி டேபிள் போடுங்கள். வெறும் பட்டியலாக இருக்கும் வரை ஜேசன் போதும்.

பின்சேர்க்கை

எக்ஸாம்ப் (பிஎச்பியும் டேட்டாபேஸும் ஒன்றாக வரும் தொகுப்பு) வைத்திருப்பவர்கள் சிலர், காஸ்ட் செய்து ஜேசனாக மாற்றும் கட்டளை பிழை தருகிறது என்று எழுதியிருந்தார்கள். எக்ஸாம்ப்பில் வருவது மரியாடிபி. அங்கே ஜேசன் என்பது நீண்ட உரை நெடுவரிசைக்கு இன்னொரு பெயர்தான். அந்த காஸ்ட் அங்கே கிடையாது. ஜேசன்_அரே_அப்பெண்ட் உண்டு, '$' பாதையோடு மேலே சொன்னபடியே வேலை செய்யும். தமிழ் எழுத்துகள் குறியீட்டு எண்களாகத் தெரிந்தால், பிஎச்பியில் ஜேசனாக்கும்போது யூனிகோடை மாற்றாதே என்ற விருப்பத்தைப் போடுங்கள்.

வேறு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு: ஜேசன்பி வகையில் இரட்டைச் செங்குத்துக் கோடு (||) போதும், 9.5 முதல் உண்டு. நல் தொல்லை அங்கேயும் அப்படியே, இஃப்நல்லுக்குப் பதில் கோயலெஸ் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு டேட்டாபேஸான எஸ்கியூலைட்டில் 3.31 முதல் ஜேசன்_இன்செர்ட், பாதை '$[#]'.