வெள்ளிப் பட்டறைக் கழிவுநீர்: பேசினில் ஊற்றுமுன்

கொழும்பு செட்டியார் தெருப் பட்டறைகளில் தரையைக் கூட்டிய தூசியைக்கூட எறிவதில்லை. அதற்குள் பொடி கிடக்கும் என்பது பத்தர் வீட்டுச் சிறுவனுக்கும் தெரியும். அந்தக் கவனம் பேசினில் ஊற்றும் தண்ணீர்மீது மட்டும் ஏனோ விழுவதில்லை. முலாம் பூசும் சயனைட்டுக் கரைசலில் லீற்றருக்கு 30 கிராம் வெள்ளி இருப்பது சாதாரணம். தொட்டியிலிருந்து எடுத்த கொலுசுகள் வழியவழியக் கழுவப்போய், நாள் முடிவில் 50 மில்லிலீற்றர் கரைசல் தண்ணீரோடு போனால், ஒன்றரைக் கிராம் வெள்ளி போயிற்று. கூடவே நஞ்சும் போகிறது.

ஆகவே ஓடும் குழாயின் கீழே கழுவுவதுதான் முதல் தவறு. கொலுசைத் தொட்டிக்கு மேலேயே அரை நிமிடம் தொங்கவிட்டு, பிறகு மூன்று வாளிகளில் வரிசையாக முக்கி எடுங்கள். முதல் வாளித் தண்ணீரில்தான் வெள்ளி அதிகம் சேரும். தொட்டியில் மட்டம் குறையும்போது அதையே திருப்பி ஊற்றலாம்.

இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. அமிலக் கழிவும் சயனைட்டுக் கழிவும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் ஐதரசன் சயனைட்டு வாயு கிளம்பும். அது கொதிப்பதற்கு 26 பாகை செல்சியசே போதும். கொழும்பின் பகல் அதைவிடச் சூடானது. சன்னல் இல்லாத மாடியறையில் அது என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. ஒரு பட்டறையில் இரண்டு கழிவுகளையும் ஒரே நீலப் பீப்பாயில் ஊற்றுவதைக் கண்டு கேட்டேன். “ஒரே நாளில் ஊற்றுவதில்லை, ஐயா” என்றார் முதலாளி. பீப்பாய்க்கு நாள் கிழமை தெரியாது. இன்னோர் இடத்தில் இரண்டு பேசின்கள் தனித்தனியாக, அழகாக இருந்தன. தரைக்குக் கீழே இரண்டு குழாய்களும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

சயனைட்டை அழிக்க பிளீச்சிங் திரவம் ஊற்றினால் போதும் என்பது பாதி உண்மை. காரம் சேர்த்து, பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 10க்கு மேலே நிற்கும்போதுதான் ஊற்ற வேண்டும். அதற்குக் கீழே ஊற்றினால் சயனோசன் குளோரைட்டு என்ற இன்னொரு நச்சு வாயு வெளிவரும். வெள்ளியோடு பிணைந்த சயனைட்டு எளிதில் சிதையாது. எனவே பழைய கரைசலிலிருந்து முதலில் மின்பகுப்பால் வெள்ளியை எடுத்துவிட வேண்டும். இதைப் படித்துவிட்டுத் தனியாக முயலாதீர்கள். தெரிந்த இரசாயனவியலாளர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

நைத்திரிக் அமிலத்தில் கரைத்த வெள்ளியை உப்புப் போட்டு வெண்படிவாக இறக்குவது பழைய கைப்பழக்கம். உப்பை அள்ளிக் கொட்டினால் படிவில் ஒரு பகுதி மறுபடி கரைந்துவிடும். அதைவிடப் பெரிய தவறு, வெள்ளி இறங்கியதும் மிஞ்சிய பச்சை நீல நீரைக் கொட்டிவிடுவது. 925 வெள்ளியில் மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்புதான். அது முழுவதும் அந்த நீரில் இருக்கிறது. மீனுக்குச் செம்பு கொடிய நஞ்சு. சுண்ணாம்பு இட்டு, பி.எச். 9 அளவில் நிறுத்தி, ஒரு இரவு தெளியவிட்டால் செம்பு கசடாக அடியில் இறங்கும்.

அமோனியா கலந்த வெள்ளிக் கரைசலைப் போத்தலில் அடைத்து வைக்காதீர்கள். நாட்பட்டால் வெடிக்கும் படிவு உண்டாகும்.

கடதாசி வேலைக்கு வருவோம். மாநகர சபையின் வியாபார அனுமதி சுவரில் தொங்குகிறது, ஆகவே எல்லாம் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேறு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, விதிக்கப்பட்ட தொழில்களை இந்த உரிமமின்றி நடத்த முடியாது. முலாம் பூசும் வேலையும் அந்த வகையைச் சேர்ந்தது. இதற்குக் கேட்க வேண்டிய இடம் மத்திய சுற்றாடல் அதிகாரசபை. மெருகு வேலைக்கு மட்டும் பெற்ற கடதாசியை வைத்துக்கொண்டு மாடியில் முலாம் தொட்டி வைப்பதும், காலாவதியான பிறகு புதுப்பிக்க ஓடுவதும் வாடிக்கையாகிவிட்டன. மாதிரி எடுக்கும் நாளில் குழாயைத் திறந்து கழிவை மெலிதாக்குவோரும் உண்டு. அறிக்கையில் எண் குறையும். வெளியே போன செம்பின் எடை ஒரு கிராம்கூடக் குறையாது.

கசடைக் குப்பை வண்டியில் போடுவதும் பிழை. உலோகக் கசடு தனி உரிமம் வேண்டும் அபாயக் கழிவு. அந்த உரிமம் உள்ளவரிடம் கொடுத்து, எடையும் திகதியும் எழுதிய பற்றுச்சீட்டை வாங்கிக் கோவையில் வையுங்கள். அதிகாரி வந்தால் முதலில் காட்ட வேண்டியது அதுதான்.

விண்ணப்பத்தில் குழாய் வரைபடம் கீறுமுன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பேசினில் கொஞ்சம் கேசரிப் பொடி கரைத்து ஊற்றி, ஒருவரைக் கீழே நிற்க வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் பேசின் கழிவுநீர்க் குழாயோடுதான் சேர்ந்திருக்கிறது என்று கட்டட உரிமையாளர் சத்தியம் செய்தார். ஊற்றிய சிவப்பு, தேநீர்க் கடை வாசலிலுள்ள மழைநீர் வடிகானில் வந்து விழுந்தது.