கியூ ஸ்டாண்ட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெல்ட்டை இழுத்து அடுத்த கம்பத்தில் மாட்டுகிற கியூ ஸ்டாண்டுகள், கூட்டம் கூடும் இடமெல்லாம் வந்துவிட்டன. மருத்துவமனை, வங்கி, விமான நிலையம், அருங்காட்சியகம், தேர்வு மையம் என எங்கே போனாலும் பார்க்கலாம். புதிதாக வந்து இறங்கும்போது நல்லதும் மட்டமானதும் ஒரே மாதிரிதான் பளபளக்கும். சில மாதம் போனால் வித்தியாசம் தெரிந்துவிடும். பெல்ட் தொய்ந்து தொங்கும். கொக்கி உடைந்த இடத்தில் முடிச்சுப் போட்டிருப்பார்கள். ஓரத்துக் கம்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். வருகிற கூட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த முறையும் அதே சாமானையே வாங்குவார்கள். ஆனால் இந்தப் பழுதுகளில் பெரும்பாலானவை வாங்குகிற அன்றே முடிவாகிவிடுகின்றன. நாம் பார்த்து வாங்குவது கம்பத்தை. கெட்டுப்போவது அதன் தலையும் அடித்தட்டும்.

பளபளப்பை மட்டும் பார்ப்பது

கம்பம் வெறும் குழாய். சாதாரணப் புழக்கத்தில் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. உழைப்பெல்லாம் அதன் தலைக்குள் இருக்கிறது. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் இருப்பதுபோல ஒரு மெல்லிய எஃகுப் பட்டை அங்கே சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். பெல்ட்டை இழுக்கும்போது அந்த ஸ்பிரிங் முறுக்கேறும். விட்டால் பெல்ட்டை உள்ளே இழுத்துச் சுருட்டிக்கொள்ளும். பரபரப்பான ஒரு கவுன்ட்டரில் இது ஒரு நாளைக்குப் பல தடவை நடக்கிறது. ஸ்பிரிங் களைத்துப்போனால் பெல்ட் பாதியிலேயே நின்றுவிடும், அல்லது தொய்ந்தே கிடக்கும். அதன்பிறகு கம்பம் எவ்வளவு பளபளத்தாலும் பயனில்லை.

அதனால் சாம்பிள் வந்ததும் கம்பத்தைத் தடவிப் பார்ப்பதைவிட பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். முழு நீளத்துக்கும் இழுத்து மெதுவாக உள்ளே விடுங்கள். ஒரு தடவை போதாது, ஐம்பது தடவையாவது செய்யுங்கள். உள்ளே போகும்போது பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி விளிம்பு உரசுகிறதா? கடைசி ஒரு சாண் உள்ளே போகாமல் வெளியே நிற்கிறதா? இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா? ஐம்பதாவது தடவையும் முதல் தடவை போலவே சீராகப் போனால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பெல்ட்டை லேசாக முறுக்கி உள்ளே விட்டும் பாருங்கள். கூட்ட நேரத்தில் யாரும் அதை நேராக்கி விடப்போவதில்லை. முறுக்கிய பெல்ட் தலையின் திறப்பில் சிக்கிக்கொண்டால் கையால் எளிதாக எடுக்க முடிகிறதா என்பது முக்கியம்.

அடுத்தது பிரேக். நல்ல தலைகளில் பெல்ட் நிதானமாக உள்ளே போகும்படி ஒரு பிரேக் இருக்கும். அது இல்லாத ஸ்டாண்டில் கொக்கியைக் கழற்றி அப்படியே விட்டால் பெல்ட்டின் நுனி சாட்டையாகச் சீறிக்கொண்டு வரும். பெல்ட் நிற்கிற உயரம் ஏறத்தாழ 90 செ.மீ. மூன்று வயதுக் குழந்தையின் முகம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, மக்கள் வந்துபோகும் இடத்தில் பிரேக் இல்லாததை வாங்கக்கூடாது என்பேன். கொக்கியின் ஆயுளும் பிரேக்கைப் பொறுத்ததுதான். வேகமாக வந்து தலையில் மோதி மோதித்தான் பிளாஸ்டிக் கொக்கிகள் விரிசல் விடுகின்றன.

தலை பழுதானால் என்ன செய்வது என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சில வகைகளில் பெல்ட், ஸ்பிரிங், கொக்கி மூன்றும் ஒரே பெட்டியாகக் கழன்று வரும். புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. வேறு சிலவற்றில் தலையைப் பிரிக்கவே முடியாது, பெல்ட் போனால் முழு ஸ்டாண்டையும் தூக்கிப்போட வேண்டியதுதான். விலை கொஞ்சம் கூடினாலும் முதல் வகையையே வாங்குங்கள். ஸ்பிரிங்கைச் சொந்தமாகப் பிரித்துச் சரிசெய்யும் முயற்சி மட்டும் வேண்டாம். முறுக்கிய எஃகுப் பட்டை கையைக் கிழித்துவிடும்.

அடித்தட்டின் எடையை மட்டும் கேட்பது

‘எவ்வளவு கிலோ?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு அகலம் என்று கேட்பவர்கள் குறைவு. கம்பம் சாயாமல் நிற்பதற்கு இரண்டும் வேண்டும். கணக்கு எளிது: மொத்த எடையை அடித்தட்டின் ஆரத்தால் பெருக்கி, பெல்ட்டின் உயரத்தால் வகுத்தால், எவ்வளவு இழுத்தால் கம்பம் சாயத் தொடங்கும் என்பது தெரிந்துவிடும். எடை 12 கிலோ, அடித்தட்டின் விட்டம் 34 செ.மீ., பெல்ட் இருக்கும் உயரம் 95 செ.மீ. என்றால் விடை சுமார் 2.1 கிலோ. உச்சியில் அந்த அளவு பக்கவாட்டில் இழுத்தாலே மறுபக்கத்து விளிம்பு தரையிலிருந்து எழும். விட்டத்தை 40 ஆக்கினால் அது 2.5 ஆகும். 34 செ.மீ.யிலேயே எடையை 15 கிலோவாக்கினால் 2.7. எப்படிப் பார்த்தாலும், ஒருவர் சாய்ந்து நிற்க இது தாங்காது. குழந்தை தொங்கினால் நிச்சயம் தாங்காது.

பெல்ட்டே கம்பத்தை இழுக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வரிசையின் நடுவில் நிற்கும் கம்பத்துக்கு இரண்டு பக்கமும் இழுவை இருப்பதால் அது நேராக நிற்கும். ஓரத்திலும் மூலையிலும் நிற்பவற்றுக்கு அந்தச் சமநிலை இல்லை. முதலில் சாய்பவை அவைதான். வரிசை சுவரில் போய் முடிகிறது என்றால், கடைசிக் கம்பத்துக்குப் பதில் கொக்கியை மாட்டும் சிறு பிடிப்பானைச் சுவரிலேயே பொருத்திவிடலாம். சுவர் இல்லாத மூலைகளுக்கு மட்டும் கனமான அடித்தட்டு கேட்டு வாங்கலாம்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. கம்பங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக நீளமான பெல்ட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். வழக்கமான பெல்ட் 2 முதல் 3 மீட்டர் வரை இருக்கும். 4 மீட்டரும் அதற்கு மேலும் கிடைக்கும். நீளம் கூடக் கூட நடுவில் தொய்வு கூடும். தொய்வைக் குறைக்க வேண்டுமானால் ஸ்பிரிங் இன்னும் பலமாக இழுக்க வேண்டும். ஸ்பிரிங் பலமாக இழுத்தால் கம்பம் சாயும். அதற்கு அடித்தட்டு இன்னும் கனமாக வேண்டும். மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் அங்கே போய்விடும். தொய்ந்த பெல்ட்டைத் தாண்டிப் போகவும் குனிந்து நுழையவும் ஆள் தயங்குவதில்லை. தினமும் கலைத்து அடுக்கும் இடத்தில் குட்டைப் பெல்ட்டே நல்லது. இருக்கும் நீளம் முழுவதையும் இழுத்துக் கட்டாதீர்கள். ஒரு சாணாவது உள்ளே மிச்சம் இருக்கட்டும். முழுவதும் இழுத்து நிற்கும்போது பெல்ட்டின் உள்முனை மாட்டியிருக்கும் இடத்தில்தான் சுமை எல்லாம் விழுகிறது.

அடித்தட்டு எதனால் ஆனது என்றும் பாருங்கள். ஒரே அளவில் வார்ப்பிரும்பு கான்கிரீட்டைப் போல மூன்று மடங்கு கனம். கான்கிரீட்டில் அதே எடை வர வேண்டுமானால் தட்டு தடிமனாக இருக்க வேண்டும். தடித்த தட்டில் காலும் தடுக்கும், சக்கர நாற்காலியின் சிறு சக்கரமும் முட்டும். கான்கிரீட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உடைந்துவிட்டால் தூளும் கொட்டத் தொடங்கும். அடியில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் தரையில் கீறல் விழும், கம்பமும் வழுக்கிக்கொண்டு போகும்.

கம்பத்துக்குக் கம்பம் அளந்து பாதை போடுவது

வரைபடத்தில் கம்பம் ஒரு புள்ளி. தரையில் அது 34 செ.மீ. தட்டு. இரண்டு வரிசைக் கம்பங்களின் நடுப்புள்ளிக்கு இடையே 120 செ.மீ. விட்டிருந்தால், தரை மட்டத்தில் உண்மையில் கிடைப்பது 86 செ.மீ.தான். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின் 2010 அணுகல் தரநிலை சக்கர நாற்காலி போகும் பாதைக்குக் கேட்பது குறைந்தது 915 மி.மீ. வரைபடத்தில் தாராளமாகத் தெரிந்த பாதை, அதில் போக வேண்டியவருக்குப் போதாமல் போகிறது. உங்கள் நாட்டு விதி எதுவானாலும் அளப்பது தட்டின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு இருக்கட்டும்.

வளைந்து திரும்பும் இடங்களில் இன்னும் கூடுதல் இடம் வேண்டும். சக்கர நாற்காலி தடையில்லாமல் முழுதாகத் திரும்ப ஏறத்தாழ 1.5 மீட்டர் விட்டமுள்ள இடம் தேவை. எல்லா வளைவிலும் அவ்வளவு இடம் விட முடியாவிட்டால், வளையாமல் நேராகப் போகும் ஒரு பாதையைத் தனியாக வைத்துவிடுங்கள். குழந்தை வண்டி தள்ளி வருபவர்களுக்கும் பெட்டியோடு வருபவர்களுக்கும் அதுவே உதவும்.

கண் தெரியாதவர்களைப் பற்றி இந்த விஷயத்தில் யாரும் யோசிப்பதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது. வெள்ளைக் கோல் தரையைத் தடவிக்கொண்டு வரும். பெல்ட்டோ இடுப்புயரத்தில் இருக்கிறது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே கோல் எதிலும் படாமல் போய்விடும். அதன் பின்னால் வருபவரின் வயிற்றில் பெல்ட் முட்டும், அந்த வேகத்தில் கம்பமும் விழும். இதற்கு வழி இருக்கிறது: மேலே ஒன்று, கீழே ஒன்று என இரட்டைப் பெல்ட் உள்ள கம்பங்கள் கிடைக்கின்றன. மேலே சொன்ன அதே தரநிலையில், கோலில் தட்டுப்பட வேண்டிய பொருளின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 685 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று இருக்கிறது. எல்லாக் கம்பமும் இரட்டையாக இருக்க முடியாவிட்டாலும், நுழைவாயில் பக்கமும் மக்கள் குறுக்கே நடக்கும் ஓரங்களிலும் இரட்டையே வையுங்கள். பெல்ட்டின் நிறம் தரையோடு கலந்துவிடாமல் பளிச்சென்று பிரிந்து தெரிந்தால் மங்கலான பார்வை உள்ளவர்களுக்கும் உதவியாக இருக்கும்.

உள்ளே வைக்க வேண்டியதை வெளியே வைப்பது

வெயில், மழை, உப்புக்காற்று மூன்றும் வேறு வேறு இடத்தில் தாக்கும். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று மட்டும் சொன்னால் திருப்தி அடையாதீர்கள், எந்த கிரேடு என்று கேளுங்கள். உள்ளே வைக்க 304 போதும். கடலோரத்தில் மாலிப்டினம் கலந்த 316 தேவை. மலிவாக வரும் 201 வகையில் நிக்கல் குறைவு, அதனால் சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. 201, 304 இரண்டிலும் காந்தம் சரியாக ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை இவற்றைப் பிரித்துக் காட்டாது. கிரேடை ரசீதில் எழுதி வாங்குங்கள். வெளிக்கம்பம் ஸ்டெயின்லெஸாக இருந்தும் உள்ளே ஸ்பிரிங் சாதாரண எஃகாக இருந்தால் ஈரம் பட்டு அதுதான் முதலில் போகும். இதையும் கேட்க வேண்டும்.

பெல்ட்டில் நைலான் தண்ணீரை உறிஞ்சி நீளும். பாலியெஸ்டர் அந்த அளவுக்கு நீளாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும். நனைந்த பெல்ட்டை அப்படியே உள்ளே சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். காற்றடிக்கும் இடத்தில் கம்பத்தின் மேல் அறிவிப்புப் பலகை மாட்டினால், வழக்கமான அடித்தட்டு நிற்காது.

துடைக்கிற விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: குளோரின் கலந்த பிளீச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அரித்துப் புள்ளிப் புள்ளியாகத் துரு ஏற்றிவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியே போதும்.

நெருக்கித் தள்ளும் கூட்டத்துக்கு பெல்ட்டை நம்புவது

இந்தத் தவறுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. பெல்ட் வழியைக் காட்டும். கூட்டத்தைத் தடுக்காது. இரண்டரைக் கிலோ இழுவையில் சாயத் தொடங்கும் கம்பத்தை, கதவு திறந்ததும் பாய்ந்து வரும் கூட்டத்தின் முன்னால் வைப்பது ஆபத்து. ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேர் என்ற அளவை நெருக்கம் தாண்டும்போது, மனிதர்கள் தங்கள் விருப்பப்படி நகர முடியாத நிலை வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கீழே விழுந்து கிடக்கும் கம்பம் மேலும் பலரை இடறி வீழ்த்தும். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒன்றோடொன்று கோத்து நிற்கும் இரும்புத் தடுப்புகளும், அதைவிட முக்கியமாக, உள்ளே விடும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஆட்களும் தேவை.

வெளியேறும் வழிக்குக் குறுக்கே பெல்ட் வரக்கூடாது. தவிர்க்கவே முடியாத இடத்தில், வேகமாக இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் கொக்கி உள்ள வகையை வையுங்கள். காந்தத்தால் ஒட்டும் கொக்கிகளும் இந்த வேலைக்கு ஆகும். குழந்தைகள் கழற்றி விளையாடுகிறார்கள் என்று எல்லா இடத்திலும் பூட்டுக் கொக்கி போட்டுவிட்டு, அவசர வழியிலும் அதையே விட்டுவிடுவது நடக்கிறது. இடத்துக்கு இடம் கொக்கி மாற வேண்டும்.

எண்ணிக்கையும் உதிரி பாகமும்

ஒரு நேர்வரிசைக்கு இடைவெளிகளின் எண்ணிக்கையைவிட ஒரு கம்பம் கூடுதலாக வேண்டும் என்பதை மறந்து ஆர்டர் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. பிறகு அவசரத்துக்கு வேறொரு கம்பெனியில் நாலைந்து வாங்கிச் சேர்ப்பார்கள். இதன் கொக்கி அதன் தலையில் பொருந்தாது. வரிசை எப்படிப் போகும் என்று தரையில் சாக்பீஸால் வரைந்து, எண்ணிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். தினமும் இடம் மாற்றுவதாக இருந்தால் கூடவே ஒரு தள்ளுவண்டியும் வாங்கிவிடுங்கள். அடித்தட்டைச் சாய்த்து உருட்டிக்கொண்டு போனால், கம்பத்தையும் தட்டையும் இணைக்கும் திருகு தளர்ந்து, கம்பம் ஆடத் தொடங்கும்.

உத்தரவாதச் சீட்டில் ‘5 வருடம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தால், அது கம்பத்துக்கா, ஸ்பிரிங்குக்கும் பெல்ட்டுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். கம்பத்துக்கு மட்டும் என்றால் அதனால் பெரிய பலன் இல்லை. பத்து கம்பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தலைப்பெட்டியையும் கொக்கியையும் முதல் ஆர்டரோடு சேர்த்தே வாங்கி வையுங்கள். மொத்தமாக வாங்குவதற்கு முன், ஒரு ஜோடியை மட்டும் வாங்கி உங்கள் வரிசையின் மிக நெரிசலான மூலையில் ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். வார முடிவில் திருகு தளர்ந்திருக்கிறதா, பெல்ட் முழுதாக உள்ளே போகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை ஆர்டர் செய்யுங்கள்.