மதுரையா, கோவையா: குடியேறும் முன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

தமிழ்நாட்டின் இரண்டாவது நகரம் எது என்று மதுரைக்காரரும் கோவைக்காரரும் வாதிடத் தொடங்கினால் பேச்சு விடிய விடிய நீளும். வேலை மாற்றலாலோ, ஓய்வுக்குப் பிறகோ, பிள்ளைகளின் படிப்புக்காகவோ இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவருக்கு அந்த வாதத்தால் பெரிய பயன் இல்லை. மேம்பாலமும் விமான நிலையமும் ஊருக்குப் பெருமை; நாம் குடியிருக்கப் போவது ஒரு தெருவில், ஒரு வீட்டில். இரண்டு ஊர்களிலும் பல ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவன் என்ற முறையில், ஊரை ஊரோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு வீட்டை வீட்டோடு ஒப்பிடுங்கள் என்றே கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

முதலில் ஒரு தாளில், உங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒரு வாரத்தில் எங்கெங்கே போவார்கள் என்று எழுதுங்கள். அலுவலகம், பள்ளி, அப்பாவின் சர்க்கரை மருத்துவர், கோயில், சொந்த ஊருக்குப் பஸ் ஏறும் இடம் என எல்லாம் அதில் இருக்கட்டும். பிறகு இரண்டு ஊரிலும் அந்தத் தாளுக்குப் பொருந்தும் பகுதிகள் இரண்டு மூன்றை மட்டும் குறித்துக்கொண்டு, அவற்றை நேரில் போய்ப் பாருங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. கோவை என்றதும் சிறுவாணியின் சுவையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சுவை உண்மை. ஆனால் ஊர் முழுவதும் சிறுவாணி வருவதில்லை. பல பகுதிகளுக்குப் பவானி ஆற்றின் பில்லூர் அணைத் தண்ணீர் வருகிறது. புதிதாக விரிந்த புறநகர்களில் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரே அன்றாடப் புழக்கத்துக்கு. மதுரைக்கு வைகை அணையே நெடுங்காலம் ஆதாரம். அந்த அணைக்குப் பெரும் பங்கு நீர் தருவது 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை. சிறுவாணி அணையும் முல்லைப் பெரியாறு அணையும் கேரள எல்லைக்குள் இருப்பதால், இரண்டு ஊரின் குடிதண்ணீரும் மழையை மட்டுமல்லாமல் அண்டை மாநிலத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களையும் நம்பியிருக்கிறது. தண்ணீர் விஷயத்தில் ஒரு ஊரைத் தூக்கி மற்றொன்றைத் தாழ்த்த இடமில்லை.

கோவையில் நான் பார்த்த முதல் வீட்டில், தரகர் முற்றத்துக் குழாயைக் காட்டி, "சிறுவாணித் தண்ணிங்க, கவலையே வேண்டாம்" என்றார். நம்பி முன்பணம் கொடுத்துவிட்டேன். குடியேறிய வாரத்தில் பக்கத்து வீட்டு அம்மா, "இந்த வரிசைக்கு நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருக்காத்தானுங்க வரும், அதுவும் ராத்திரியில" என்றார். உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு குக்கரில் ஏழு விசில் வந்தும் முழுதாகக் கிடந்தது. எவர்சில்வர் டம்ளரின் உள்புறத்தில் ஒரே மாதத்தில் வெள்ளைப் படலம் ஏறிவிட்டது. அதிலிருந்து எந்த வீட்டைப் பார்த்தாலும் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து ஒரு கைப்பிடிப் பருப்பை வேக வைத்துப் பார்க்கிறேன். வீட்டுக்காரரிடமும் தரகரிடமும் கேட்பதைவிடத் தெருவில் குடத்தோடு நிற்பவரிடம் கேளுங்கள். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் வருகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, தொட்டி எத்தனை வீட்டுக்குப் பொது என்ற ஐந்து கேள்விகளையும் இரண்டு ஊரிலும் ஒன்றுபோலக் கேட்டு, பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெயில். கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரை 100 மீட்டரைச் சற்றே தாண்டும். ஜூன் பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று கோவையின் மாலைகளைக் குளிரச் செய்துவிடும். மலையின் மறைவில் கிடக்கும் மதுரைக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. ஐப்பசி மழை வரும்வரை வெக்கை முழுதாக விட்டுப் போகாது. இந்த ஒரு விஷயத்தில் கோவைக்கு நான் தயங்காமல் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். இருந்தாலும் இங்கும் வீடுதான் முடிவு செய்கிறது. மதுரையில் நாங்கள் இருந்த மாடி வீட்டின் மேற்குச் சுவர் மே மாதத்தில் இரவு பத்து மணிக்கும் கைவைக்க முடியாதபடி கொதிக்கும்; அம்மா மொட்டைமாடியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு அங்கேயே பாய் விரித்துப் படுப்பார். அதே தெருவில் வேப்பமர நிழலில் இருந்த கீழ்வீட்டில் மின்விசிறி மட்டும் போதுமானதாக இருந்தது. முடிந்தால் அக்னி நட்சத்திரத்தில் வீடு பார்க்கப் போங்கள். முடியாவிட்டால் பிற்பகல் மூன்று மணிக்காவது போய்ப் படுக்கையறைச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

மழைக்கும் ஒரு கேள்வி வையுங்கள். மதுரையில் ஒரு பகுதியின் பெயர் குளம், ஏந்தல் என்று முடிந்தால், அது எந்தக் கண்மாயின் ஓரம் என்று விசாரிப்பது நல்லது. 2024 அக்டோபர் மழையில் செல்லூரிலும் பீபிகுளத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கோவையில் லங்கா கார்னர் போன்ற ரயில்வே சுரங்கப்பாதைகள் ஒரு நல்ல மழைக்கே நிரம்பிவிடும் என்பதால், வீடு மேட்டில் இருந்தாலும் அலுவலகம் போகும் வழி அடைபடலாம்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை இரண்டு ஊரின் அமைப்பே வேறு. கோவை, சாலைகளை ஒட்டி விரல்கள் போல நீண்ட ஊர். அவிநாசி சாலை, சத்தி சாலை, திருச்சி சாலை என்று ஒரு விரலில் வீடும் இன்னொரு விரலில் வேலையும் அமைந்தால் தினமும் உள்ளங்கை வரை வந்து திரும்ப வேண்டும். அவிநாசி சாலையின் 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025இல் திறந்த பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. மதுரையோ மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிக்கு வெளியே வீதியாக வளர்ந்தது. நடுவில் வைகை ஓடுகிறது. வீடும் பள்ளியும் ஆற்றின் ஒரே கரையில் இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. மாசி வீதிகளுக்குள் வீடு எடுப்பவர், கார் நிறுத்த இடம் இருக்காது என்பதையும், சித்திரைத் திருவிழா நாட்களில் வாசலைத் தாண்டி வண்டி எடுக்க முடியாது என்பதையும் ஏற்றுக்கொண்டே எடுக்க வேண்டும். அந்த நாட்களை வாசலில் நின்று பார்ப்பதற்காகவே அங்கு குடியிருப்பவர்களையும் எனக்குத் தெரியும். இன்னும் வராத மெட்ரோ ரயிலைச் சொல்லி விலை ஏற்றும் மனைகளை இரண்டு ஊரிலும் தவிர்த்துவிடுங்கள்.

வேலையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பம்பு, வார்ப்படம், நூற்பாலை, மென்பொருள் என்றால் கோவையில் ஒரு வேலை போனாலும் அடுத்தது கிடைக்க வாய்ப்பு அதிகம். வழக்கறிஞருக்கு 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இயங்கும் மதுரை பொருத்தம். தென் மாவட்டங்களோடு வியாபாரம் செய்பவருக்கும் அப்படியே.

வீட்டுப் பணத்தில் மதுரையில் பழக்கமான ஒரு முறை உண்டு. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் அதை ஒத்தி என்பார்கள். கொங்குப் பக்கம் போக்கியம் என்ற பேச்சு வழங்கும். கையில் சேமிப்பு உள்ளவருக்கு இது மாத வாடகையை மிச்சப்படுத்தும், ஆனால் பணம் முழுவதும் அடுத்தவர் கையில் இருக்கிறது. வில்லங்கச் சான்று போட்டு, அந்த வீடு ஏற்கெனவே வங்கிக் கடனில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேச வேண்டும். பத்திரத்தைப் பதிவு செய்யத் தயங்கும் வீட்டுக்காரரிடம் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

கடைசியாக, நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் இரண்டு ஊரிலும் இருக்கின்றன. ஆனால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பதினைந்து நிமிடத்தில் வந்து நிற்கும் தம்பியோ மச்சானோ ஏதாவது ஓர் ஊரில்தான் இருப்பார். மற்ற எல்லாக் கணக்கும் சமமாக வந்தால், நான் அவர் இருக்கும் ஊரையே எடுப்பேன்.

முடிவு செய்த பிறகும் வீடு வாங்க அவசரப்படாமல் பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தோடு தொடங்குங்கள். சித்திரையில் குடியேறினால் வெயில், காற்று, ஐப்பசி மழை, மார்கழிப் பனி எல்லாம் அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே வந்துவிடும்.