கொத்தனார் டியூபைக் கொண்டு எரிமலைச் சாய்வை அளப்பது எப்படி?

என் அப்பா உசிலம்பட்டிப் பக்கம் கொத்தனார். மட்டம் பார்க்க அவர் தோளில் சுருட்டிப் போட்டுச் செல்லும் தண்ணீர் டியூபைக் கொண்டுதான் நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எரிமலை ஆய்வைச் சொல்லித்தருகிறேன். ஹவாய்த் தீவில் நிலவியலாளர் தாமஸ் ஜாகர் 1912-ல் எரிமலை ஆய்வு நிலையம் தொடங்கினார். கிலாவியா எரிமலையின் நிலச்சாய்வை அங்கே 1950-களில் இதே தண்ணீர்க் குழாய் முறையில் அளந்தார்கள். அந்தத் தீவில் இன்று சுமார் இரண்டு லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

10 மீட்டர் டியூப், ஒரே அளவான இரண்டு பிளாஸ்டிக் ஜாடிகள், மில்லிமீட்டர் கோடு போட்ட காகிதம், கொஞ்சம் சொட்டு நீலம், ஒரு பலகை, பழைய சைக்கிள் டியூப், காற்றடிக்கும் பம்பு. இவை போதும். ஜாடிகளின் அடிப்பக்கம் துளையிட்டு டியூபின் இரு முனைகளையும் செருகி, எம்-சீல் வைத்து அடையுங்கள். ஜாடிகளின் வெளிப்புறம் கோட்டுக் காகிதத்தை ஒட்டுங்கள்.

தண்ணீர் நிரப்புவதில் அவசரம் கூடாது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை ஒரு பக்கமிருந்தே மெதுவாக ஊற்றுங்கள். டியூப் எங்காவது மேடாக வளைந்து, அங்கே ஒரு குமிழி தங்கிவிட்டால் இரு பக்க மட்டமும் பொய் சொல்லும். அப்பா டியூபை விரலால் சுண்டிக்கொண்டே முழு நீளமும் நடப்பார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்த எதிரி வெயில். முதல் முறை மொட்டை மாடியில் வைத்தோம். பங்குனி வெயில் ஏற ஏற, யாரும் தொடாமலே அளவு மாறியது. ஒரு ஜாடியில் வெயிலும் மற்றதில் நிழலும் விழுந்ததுதான் காரணம். சூடான தண்ணீர் விரிந்து உயரும். ஹவாயிலும் இந்த அளவீட்டை இரவில்தான் எடுத்தார்கள். இன்றைய சாய்வுமானிகளை ஆழ்துளைக்குள் இறக்கிவிடுகிறார்கள். நாங்கள் வடக்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு மாற்றினோம்.

இனி ஒரு ஜாடியைப் பலகைமேல் வைத்து, பலகைக்கு அடியில் சைக்கிள் டியூபை வைத்துக் காற்றடியுங்கள். மலைக்குள் பாறைக்குழம்பு சேர்ந்து நிலம் உப்புவது இப்படித்தான். தண்ணீர் அசைவு அடங்க ஐந்து நிமிடம் பொறுங்கள். பலகை 2 மி.மீ. உயர்ந்தால் அந்த ஜாடியில் மட்டம் 1 மி.மீ. இறங்கும், எதிர் ஜாடியில் 1 மி.மீ. ஏறும். 10 மீட்டருக்கு 2 மி.மீ. என்றால் 200 மைக்ரோரேடியன். மதுரை ரயில் நிலையத்திலிருந்து மீனாட்சியம்மன் கோயில் வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அவ்வளவு நீளக் கம்பியின் ஒரு முனையை ஒரே ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் வரும் சாய்வுதான் ஒரு மைக்ரோரேடியன். எரிமலைக்காரர்கள் அதைக்கூட விடுவதில்லை.

பிறகு காற்றைத் திறந்துவிடுங்கள். மட்டம் திரும்பும். "காற்று எங்கே போனது?" என்று கேளுங்கள். 2018 மே மாதம் கிலாவியாவின் உச்சி அமிழ்ந்தபோதும் இதே கேள்விதான். சாய்வுமானி உச்சி காலியாவதைக் காட்டியது. குழம்பு கிழக்கே நகர்வதை நிலநடுக்கங்கள் காட்டின. சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, லெய்லானி எஸ்டேட்ஸ் குடியிருப்பில் தரை பிளந்தது. சுமார் 700 வீடுகள் அழிந்தன. ஆகவே சாய்வை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

கடைசியாக இரண்டு குழு பிரியுங்கள். ஒரு குழு மறைவில் பம்பு அடிக்கட்டும். மற்றொரு குழு தண்ணீர் மட்டத்தை மட்டும் பார்த்து, ஊரைக் காலி செய்யலாமா என்று முடிவு செய்யட்டும். "காலி செய்யச் சொன்ன பிறகு வெடிக்காவிட்டால், டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். 1976-ல் கரீபியன் கடலில் எரிமலை உள்ள குவாதலூப் தீவில் நடந்ததைச் சொன்னேன்: 70,000-க்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு மாதக்கணக்கில் வெளியே இருந்தார்கள், அஞ்சிய பெருவெடிப்பு வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் ஜாடியையே பார்த்திருந்துவிட்டு, பத்து மணிக்கு எடுத்த அளவைப் பத்தரைக்கும் எடுத்துப் பார்க்கலாம் என்றாள்.