மருத்துவமனை வளாகம் விரியும்போது சாலைகளையும் வண்டி நிறுத்தத்தையும் திட்டமிடும் முறை

மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ்டவுனில், ஜாலான் (சாலை) ரெசிடென்சியில் உள்ள பொது மருத்துவமனையானாலும், ஜாலான் மெக்கலிஸ்டரில் உள்ள தனியார் மருத்துவமனைகளானாலும், சுற்றிலும் வீடுகளும் பள்ளிகளும் கடைகளும் நெருங்கிவிட்ட பழைய சாலைகளின் நடுவில்தான் அவை நிற்கின்றன. பக்கத்திலுள்ள சிப்பாய் லைன்ஸ் சாலையின் பெயரே, அங்கே ஒரு காலத்தில் இந்தியச் சிப்பாய்கள் குடியிருந்ததைச் சொல்கிறது. இத்தகைய இடத்தில் புதிய கட்டடம் எழும்பும்போது சாலையை அகலப்படுத்துவதற்குப் பெரும்பாலும் வழி இருப்பதில்லை. இருக்கிற சாலையை யார், எந்த நேரத்தில், எதற்காகப் பயன்படுத்துவது என்பதைத்தான் மாற்றி அமைக்க முடியும். எனவே எத்தனை கார்களுக்கு இடம் வேண்டும் என்ற கேள்வியில் தொடங்காமல், யார் எப்போது வருகிறார்கள் என்ற கேள்வியில் தொடங்குங்கள்.

அதற்கு முதலில் கணக்கெடுப்பு தேவை. வழக்கமான போக்குவரத்து ஆய்வுகள் காலையில் அலுவலகம் தொடங்கும் நேரத்தையும் மாலையில் முடியும் நேரத்தையும் எண்ணிவிட்டு நின்றுவிடுகின்றன. மருத்துவமனையின் நெரிசல் அந்த நேரத்துக்குள் அடங்குவதில்லை. தாதியரின் பணிமுறை பொதுவாகக் காலை 7 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 9 மணி என மாறுகிறது. பல அரசு மருத்துவமனைகளில் நண்பகல் பார்வை நேரமும் பிற்பகல் 2 மணியளவில்தான் முடிகிறது. வேலைக்கு வருபவர்கள், வேலை முடிந்து போகிறவர்கள், சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பும் உறவினர்கள் என மூன்று கூட்டங்கள் ஒரே அரை மணி நேரத்தில் ஒரே வாசலில் சந்திக்கின்றன. ஆகவே காலை 6.30 முதல் இரவு 9.30 வரை, கிளினிக் நடக்கும் ஒரு நாளிலும் ஒரு வார இறுதி நாளிலும், கார், மோட்டார் சைக்கிள், கிராப் வாடகை வண்டி, பேருந்தில் வந்து இறங்குபவர், நடந்து வருபவர் என வகை பிரித்து எண்ண வேண்டும். நிறுத்தப்பட்ட கார்களின் எண் பலகைகளை மணிக்கொரு முறை குறித்துக்கொண்டால், ஒவ்வொரு காரும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

அந்தக் குறிப்பேடுதான் திட்டத்தின் உயிர் என்பேன். காலை 7 மணிக்கு ஊழியர் ஒருவர் வாசலருகே காரை நிறுத்திவிட்டு 2 மணிக்கு எடுத்தால், அந்த இடம் ஏழு மணி நேரத்தில் ஒருவருக்கே பயன்பட்டிருக்கிறது. இரண்டு மணி நேரம் தங்கும் நோயாளிகள் என்றால் மூன்று பேர் அங்கே நிறுத்தியிருப்பார்கள். ஊழியர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரவு 9 மணிக்கு வேலை முடிந்து தனியாகக் காருக்கு நடக்கும் தாதிக்கு வெளிச்சமான, பாதுகாப்பான இடம் கட்டாயம் தேவை. அவர்களுக்குச் சற்றுத் தள்ளி ஓர் இடத்தை ஒதுக்கி, பணி மாறும் நேரங்களில் சிற்றுந்து விடுவதே நியாயமான ஏற்பாடு.

அடுத்தது நோயாளிகளை இறக்கிவிடும் இடம். சக்கர நாற்காலியில் என் தாயாரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற மாதங்களில், கார் நிறுத்த இடம் கிடைக்காததைவிட, அவரை இறக்கிவிட இரண்டு நிமிடம் நிற்க முடியாததுதான் என்னை வாட்டியது. ஆகவே வாசலை ஒட்டிய சாலையோரத்தைக் கார் நிறுத்தத்துக்குக் கொடுக்காமல், இறக்கி ஏற்றுவதற்கென்றே வைத்துக்கொள்ள வேண்டும். சாலையோரமாக ஒரு கார் நிற்கச் சுமார் 6 மீட்டர் தேவை. 30 மீட்டர் ஓரத்தில் ஐந்து கார்கள் நாள் முழுவதும் அசையாமல் நிற்கலாம், அல்லது அதே இடத்தில் நூற்றுக்கணக்கானோர் இறங்கிப் போகலாம். அங்கிருந்து கதவு வரை மழைக்குக் கூரையும், மூடப்பட்ட கால்வாயும், 1:12-க்கு மேல் (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயர்வுக்கு மேல்) செங்குத்தாகாத சரிவும் இருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தை இடம் மாற்றினாலும் இதே அளவுகோல் பொருந்தும்.

புதிய அடுக்குமாடி வண்டி நிறுத்தத்தின் நுழைவாயிலில் எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். தடுப்புக் கம்பி ஒரு காரை உள்ளே விட 15 விநாடி எடுத்தால், ஒரு தடத்தில் மணிக்கு 240 கார்கள் நுழையலாம். அந்த மணி நேரத்தில் 300 கார்கள் வந்தால் முடிவில் 60 கார்கள் வெளியே காத்திருக்கும். காருக்கு 6 மீட்டர் என்றால் வரிசை 360 மீட்டர் நீளும். அந்த வரிசை வளாகத்துக்குள் அடங்காவிட்டால் சாலையில்தான் நிற்கும், அதன் கடைசியில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்ளும். தடுப்பை வளாகத்துக்குள் தள்ளி வைப்பதும், இரண்டாவது தடம் திறப்பதும் வரைபடக் கட்டத்திலேயே முடிவாக வேண்டியவை. அவசரப் பிரிவுக்கு, கார் வரிசை தொடாத தனி வழியும், அது அடைபட்டால் மாற்று வழியும் வேண்டும். இருவழிச் சாலையை ஒருவழியாக்கும் யோசனை வந்தால், ஆம்புலன்ஸ் கூடுதலாக எத்தனை நிமிடம் சுற்ற வேண்டியிருக்கும் என்பதை ஓட்டிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லும் தைப்பூச ஊர்வலத்துக்காக ஜாலான் உத்தாமா வழியில் போக்குவரத்து மாற்றப்படும் நாள்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுமான வரிசையில் ஒரே ஒரு விதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: மாற்று இடம் திறக்கும் முன் பழைய இடத்தை மூடக்கூடாது. கட்டுமானத் தொழிலாளர்களின் வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் தனி இடமும் நேரமும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். பணி மாறும் நேரங்களில் லாரி வரக்கூடாது.

அக்கம்பக்கத்தாருக்குச் சட்டம் ஒரு வாய்ப்பைத் தருகிறது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, உள்ளூர்த் திட்டம் (எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் திட்டம்) நடைமுறையில் இல்லாத பகுதியில் திட்ட அனுமதி கோரப்படும்போது, அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்கிறது. அறிவிப்புக் கிடைத்த 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 20 மீட்டருக்கு மேற்படாத சாலைக்கு எதிர்ப்புறமுள்ள நிலமும் அண்டை நிலமே. வெறும் கோபத்தை எழுதாமல், மேலே சொன்ன கணக்கெடுப்பை இணைத்து அனுப்பினால் மாநகர் மன்றப் பொறியாளர்கள் அதற்கு விடை சொல்லியாக வேண்டியிருக்கும். போக்குவரத்து போலீசாரையும் தீயணைப்புத் துறையையும் அதே கட்டத்தில் அழைத்துப் பேசுவது நல்லது.

மாற்றத்தை உடனே சிமெண்டில் கட்டிவிடாதீர்கள். கூம்புகளும் சாயக் கோடுகளும் வைத்து நான்கு வாரம் சோதித்து, முதல் வாரக் குழப்பத்தை ஒதுக்கிவிட்டு, நான்காவது வாரத்தில் பிற்பகல் 1.30 முதல் 2.30 வரை மறுபடி எண்ணுங்கள். மாற்றுவழிப் பலகைகளை வாசலில் அல்லாமல், ஓட்டுநர் திரும்ப முடிவெடுக்கும் முந்தைய சந்திப்பில் வையுங்கள். கிளினிக் சந்திப்பு நாள் குறித்த அட்டையோடு, எந்த வாசலில் இறங்க வேண்டும் என்பதை மலாய், தமிழ், சீன மொழிகளில் அச்சிட்டுக் கொடுத்தால், தனியாக வரும் முதியவர் காவலாளியிடம் வழி கேட்டு வெயிலில் நிற்க நேராது.