எம்பிஐ (பல பரிமாண வறுமை குறியீடு) கணக்கு போடறது எப்படி? மூணு வீட்டை வச்சே பாத்துடலாம்

நிதி ஆயோக்கோட 2023 ரிப்போர்ட்ல பீகார் 33.76%, தமிழ்நாடு 2.20%, கேரளா 0.55%னு பல பரிமாண வறுமைல (காசை மட்டும் பாக்காம ஹெல்த், படிப்பு, வாழ்க்கைத் தரத்தை வச்சு பாக்கற வறுமை) இருக்கறவங்க சதவீதம் வருதுல்ல, அதை எப்படி போடறாங்கன்னு புரிஞ்சிக்க கால்குலேட்டர் போதும். சபீனா அல்கைர், ஜேம்ஸ் ஃபாஸ்டர்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் உருவாக்கின முறை, டேட்டா 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல இருந்து.

மொத்த மார்க் 1. ஹெல்த், படிப்பு, வாழ்க்கைத் தரம் மூணுக்கும் சமமா மூணுல ஒரு பங்கு. ஹெல்த்ல சத்துக்குறைவுக்கு 1/6, குழந்தை இறப்புக்கு 1/12, தாய் நலத்துக்கு 1/12. படிப்புல ரெண்டு, தலா 1/6. மிச்சம் அடுப்பு, கழிவறை, தண்ணி, கரண்ட், வீடு, பொருட்கள், பேங்க் அக்கவுண்ட்னு ஏழு, தலா 1/21. ஒரு வீட்டுக்கு எதுல குறை இருக்கோ அதோட மார்க்கை கூட்டிட்டே போங்க, 1/3 தொட்டா அந்த வீடே ஏழை.

முதல் வீடு, 5 பேர்: சத்துக்குறைவு, கர்ப்பத்துல நாலு செக்கப் போகல, விறகடுப்பு, கழிவறை இல்ல. கூட்டினா 0.345, ஏழை. ரெண்டாவது, 4 பேர்: சத்துக்குறைவு, விறகடுப்பு, 0.214 தான், தப்பிச்சாங்க. மூணாவது, 3 பேர்: சத்துக்குறைவு, யாரும் ஆறு வருஷம் படிக்கல, விறகடுப்பு, மண் தரை, 0.429.

இனி எண்ண வேண்டியது தலையை, வீட்டை இல்ல (நிறைய பேர் சறுக்கறது இங்கதான்). 12 பேர்ல 8 பேர் ஏழை, 66.7%. அந்த 8 பேரோட சராசரி மார்க் 0.376. ரெண்டையும் பெருக்குனா 0.251, இதான் எம்பிஐ.

எதுக்கு பெருக்கணும்னா, மூணாவது வீட்ல நாளைக்கு கழிவறையும் இடிஞ்சு போச்சுன்னு வைங்க, 66.7% அப்படியேதான் நிக்கும், ஆனா சராசரி ஏறிடும், எம்பிஐயும் ஏறிடும். பேப்பர்ல வர்ற சதவீதத்தை மட்டும் பாத்தா இது கண்ணுலயே படாது. ரெண்டாவது வீட்டு சத்துக்குறைவும் இதுல காணாம போயிடும், அதனால ஹெல்த் மட்டும் வேணும்னா ஒவ்வொரு குறையையும் தனியாவும் எண்ணிக்கோங்க.

சத்துக்குறைவு பாக்கறது அஞ்சு வயசுக்குள்ள குழந்தைங்க, 15-49 பெண்கள், 15-54 ஆண்கள், இவங்களை அளந்துதான். வீட்ல ஒருத்தருக்கு குறைஞ்சாலும் எல்லாருக்கும் மார்க் விழும். ஆனா எழுபது வயசு தாத்தா பாட்டி மட்டும் இருக்கற வீட்ல எடை பாக்க ஆளே இல்ல, ஒருவேளைதான் சாப்பிடறாங்கன்னாலும் சத்துக்குறைவு மார்க் 0 தான். முதியவங்க அதிகமா இருக்கற ஊருக்கு இந்த கணக்கை போட்டா அவங்க எடையை தனியா எடுங்க.