டி-55 டாங்கிக்கு இழுவை வடம்: என் அனுபவம்

புதிதாக வாங்கிய 1/35 (அசலில் 35-ல் ஒரு பங்கு அளவு) டி-55 மாடல் டாங்கி கிட்டில், பழுதான வண்டியை இழுக்கும் இழுவை வடம் பிளாஸ்டிக்கில்தான் வந்திருந்தது. மேல்பக்கம் மட்டும் முறுக்கு, அடிப்பக்கம் வழவழவென்று தட்டை. இந்த விலைக்கு ஒரு சாண் நூலாவது வைத்திருக்கலாம்.

முதலில் தையல் நூல். பெயின்ட் அடித்ததும் பிசிறு எழும்பியது. அடுத்து மீன்பிடி நைலான். வளைத்தால் பெயின்ட் உரிந்தது, தொய்வும் நிற்கவில்லை. பிறகு வீட்டு வயரை உரித்து, 0.25 மி.மீ. செம்புக் கம்பிகள் ஏழை, நடுவில் ஒன்று சுற்றி ஆறாக, டிரில்லில் மாட்டி முறுக்கினேன். தடிமன் முக்கால் மி.மீ., அளவு சரி. ஆனாலும் பார்வைக்கு ஏதோ இடித்தது.

நாலாம் நாள் மண்டபம் படகுத்துறையில் விடை கிடைத்தது. விசைப்படகு வின்ச்சில் சுற்றியிருந்த வயர் ரோப்பைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நிமிர்த்திப் பிடித்தால் புரிகள் இடது கீழிருந்து வலது மேலாக ஏறுகின்றன. அசல் டாங்கியின் படத்தைப் பெரிதாக்கினால் அதிலும் அதே சாய்வு. என்னுடையது நேர் எதிர். மறுமுனையைக் கட்டிவிட்டு டிரில்லை வழக்கமான பக்கம் ஓட்டினால் இடப்புரிதான், அதாவது வலது கீழிருந்து இடது மேலாக ஏறும் முறுக்குதான் வரும். ரிவர்ஸில் ஓட்ட வேண்டும்!

அப்புறம் கேஸ் அடுப்பில் மங்கிய சிவப்பு வரும்வரை மட்டும் காட்டினேன். செம்பு இளகி, வைத்த இடத்தில் தொய்ந்து கிடக்கிறது. படிந்த கருப்பைப் புளித்தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். எங்கள் உப்புக்காற்றில் விட்டுவைத்தால் செம்பு களிம்பேறிவிடும். கிட்டில் வந்த வடத்தின் முனை வளையங்களில் 0.8 மி.மீ. துளை போட்டுச் சொருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது.